ஆஷ்ட்ரேயை முதலில் எடுக்காதீர்கள்: படைவீரர் மன்றத்தில் புகையை நிறுத்துவது எப்படி

2019 ஜனவரியில் ஒரு நாள், எங்கள் மன்றத்தில் இருந்த பத்தொன்பது ஆஷ்ட்ரேக்களையும் அள்ளி அட்டைப்பெட்டியில் போட்டு ஸ்டோரில் வைத்துப் பூட்டினேன். சாப்பாட்டுக் கடைகளில் புகைக்கக்கூடாது என்ற விதி அந்த மாதம்தான் மலேசியா முழுக்க வந்திருந்தது. சுவரில் ஒரு பலகை மாட்டினேன், சாவியைச் சட்டைப் பையில் போட்டேன், வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை வந்து பார்த்தால் மைலோ டின், பூந்தொட்டி, 100 ப்ளஸ் கேன், எப்போதோ கேரம் போட்டியில் வென்ற கோப்பை எல்லாமே ஆஷ்ட்ரே ஆகியிருந்தன. கேரம் பலகையின் ஓரச் சட்டத்தில் புதிதாக மூன்று கருப்புத் தழும்பு. மூன்றாவது வாரம் புகைக்கிற ஆட்கள் வரவே இல்லை. சாலையோரக் கோப்பிக் கடைக்கு எதிரில், மழைத்தண்ணீர் ஓடுகிற காவாய் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களோடு ஆட்டம் போடுகிற, சிகரெட்டைத் தொடாத ஆட்களும் அங்கேயே. மன்றத்தில் மிச்சம் நானும் அந்தப் பலகையும். இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன்: பலகை மாட்டிய நானே சமையற்கட்டுக்குப் பின்னால் போய் ஒளிந்து ஊதிக்கொண்டிருந்தேன். அது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

மார்ச் மாதம் ஆஷ்ட்ரேக்கள் மேசைக்குத் திரும்பின. 2022-இல் மறுபடி தொடங்கினோம், வேறு வரிசையில். அது இன்றுவரை நிற்கிறது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். முகாமுக்குள் மெஸ் நடத்துகிறவர்கள், முன்னாள் வீரர் மன்றம் வைத்திருப்பவர்கள், தோட்டத்துக் கிளப், தாமான் (குடியிருப்புப் பகுதி) மண்டபம் பார்த்துக்கொள்கிறவர்கள், யாருக்கும் இது உதவும்.

நான் ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருபத்தொரு வருஷம் இருந்தவன். 1981-இல் போர்ட்டிக்சனில் பயிற்சிக்குப் போனபோது பிடித்த பழக்கத்தை 2023-இல்தான் விட்டேன். இப்போது பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், ஒரு காலத்தில் தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) குடியிருந்த பலகை வீட்டில் நடக்கும் மன்றத்துக்குச் செயலாளர். செம்பனைக்கு நடுவே படைவீரர் மன்றமா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. 1948 ஜூன் 16-ஆம் தேதி இங்கே எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் வெள்ளைக்கார நிர்வாகிகள் சுடப்பட்ட பிறகுதான் மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் பிரகடனமானது. 1960 ஜூலை வரை அது ஓயவில்லை. துப்பாக்கியோடு காவல் நின்ற தாத்தாக்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளில் சிலர் படைக்குப் போனோம், திரும்பி வந்தோம், உட்கார ஓர் இடம் தேடினோம். அவ்வளவுதான்.

சிகரெட்டுக்கும் சிப்பாய்க்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ளாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படைக்குக் கொடுத்த கே-ரேஷன் சாப்பாட்டுப் பெட்டியில் வேளைக்கு நாலு சிகரெட் வைத்திருந்தார்கள். ரேஷனில் சிகரெட் கொடுப்பதை அவர்கள் 1975-இல்தான் நிறுத்தினார்கள். எங்களுக்கு யாரும் இலவசமாகத் தரவில்லை. ஆனால் லோரிக்குக் காத்திருக்கிற ஒரு மணி நேரம், காவல் மாறுகிற விடியற்காலை, இதெல்லாம் சிகரெட்டால் அளந்த நேரங்கள். 1990களில் மலேசியப் படை போஸ்னியாவில் கொன்யிட்ஸ் பக்கம் இருந்தபோது நானும் போயிருந்தேன். அந்தக் குளிரில் ஒருவன் பாக்கெட்டை நீட்டினால் 'வா, பக்கத்தில் உட்கார்' என்று அர்த்தம். ஆகவே முப்பது வருஷம் கழித்து 'இங்கே பிடிக்காதே' என்று சொன்னால், அந்த ஆளின் காதில் 'இங்கே வராதே' என்று விழுகிறது. 2019-இல் நான் சொன்னது அப்படித்தான் விழுந்தது.

முதலில் ஒரு சனிக்கிழமை சும்மா உட்காருங்கள்

யாரிடமும் எதுவும் சொல்லாமல், ஒரு பள்ளிக்கூடக் கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு மூலையில் உட்காருங்கள். யார் புகைக்கிறார், எந்த நாற்காலியில், எத்தனை மணிக்கு, அப்போது பக்கத்தில் யார். எங்கள் கணக்கு எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மன்றமே ரோக்கோ (சிகரெட்) பிடிக்கிற கூட்டம் என்று நினைத்திருந்தேன். அன்று வந்த 43 பேரில் புகைத்தவர்கள் 11 பேர், என்னையும் சேர்த்து. அந்த 11 பேரில் ஏழு பேர் கேரம் மேசையைச் சுற்றி. எல்லாரும் கேரம் ஆட்டத்துக்கும் பந்து விளையாட்டு பார்க்கவும் வந்தவர்கள். கையில் சிகரெட் இருந்தது, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயமும் கொப்பியில் ஏறியது. சமையற்கட்டு அக்கா அன்று ஆறு முறை மேசைகளைச் சுற்றி வந்து ஆஷ்ட்ரே கொட்டினார். வாழ்நாளில் சிகரெட்டைத் தொடாதவர். சாயங்காலம் நாலு மணியிலிருந்து இரவு பதினொன்று வரை உள்ளேயே இருப்பவர் அவர் ஒருவர்தான். நாங்கள் வந்து போகிறவர்கள்.

வெளியே ஓர் இடம்: இதுதான் முக்கால்வாசி வேலை

பலகை மாட்டுவதற்கு முன், தீர்மானம் போடுவதற்கு முன், வெளியே ஓர் இடம் கட்டுங்கள். 'வெளியே போய்ப் பிடிங்க' என்று சொல்வது சுலபம். வெளியே எங்கே? நம் ஊரில் சாயங்காலம் நாலு மணிக்கு வானம் கறுத்தால் ஆறு மணி வரை கொட்டும். மழையில் நிற்கச் சொன்னால் ஆள் வராந்தாவில் ஒதுங்குவான், வராந்தாவில் ஒதுங்கியவன் கதவோரம் வருவான், பத்து நாளில் மறுபடி உள்ளே.

எங்கே கட்டுவது? சாப்பாட்டுக் கடை என்றால் குறைந்தது மூன்று மீட்டர், அதாவது பத்து அடி தள்ளி நிற்க வேண்டும் என்பது 2019-இல் வந்த விதி. பத்து அடி போதாது. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் புகை ஜன்னல் வழியே நேராகக் குழம்புச் சட்டிக்கு வரும். நாங்கள் முப்பது அடி தள்ளிக் கட்டினோம். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க ஊதுபத்தி போதும். இடத்தைத் தேர்ந்தெடுத்து, சாயங்காலம் ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் ஒரு கட்டு கொளுத்தி வையுங்கள். மூன்று நாள் செய்யுங்கள். உள்ளே ஒருவரை உட்காரவைத்து வாசம் வருகிறதா என்று கேளுங்கள். எங்களுக்கு முதலில் பிடித்திருந்த இடம், கிணற்றோரம், இந்தச் சோதனையில் தோற்றது. சாமி கும்பிடுகிற மாதிரி முப்பது அடிக்கு அந்தப்பக்கம் பத்தி எரிகிறது, உள்ளே அக்கா 'யார் பூஜை பண்றது?' என்கிறார்.

சமையற்கட்டுக்குப் பின்னால் கேஸ் தோம்பு (சிலிண்டர்) இருக்கும். அந்தப் பக்கம் வேண்டவே வேண்டாம். ரம்புத்தான் மரத்தடியும் வேண்டாம். நிழல் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பழக் காலத்தில் கெரெங்கா எறும்பு சட்டைக்குள் இறங்கும்.

கூரைக்குத் தகரம் போதும். நாலு கம்பம், மேலே தகரம். பக்கச் சுவர் எழுப்பாதீர்கள். மழைச்சாரல் அடிக்கிறது என்று ஒருவர் தார்ப்பாய் கட்டுவார், இன்னொருவர் பலகை அடிப்பார், கடைசியில் அது இன்னோர் அறை ஆகிவிடும். சாரலுக்குக் கூரையை நீட்டிப் போடுங்கள். கட்டாயம் விளக்கு வையுங்கள். இருட்டில் உட்காரச் சொன்னால் கிழவன்மார்கள் கோபிப்பார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. கட்டடத்திலிருந்து கூரை வரை சிமெண்டுப் பாதை போடுங்கள். எங்களில் சர்க்கரை நோயால் ஒரு காலை இழந்தவர் இருக்கிறார், சேற்றில் ஊன்றுகோல் நிற்காது. வாசல் பக்கம் இரண்டு பெரிய குடை தொங்கவிடுங்கள். உட்கார நீளமான மரப் பெஞ்சு, சாய்மானம் இல்லாதது. மணல் நிரப்பிய பெயிண்டு வாளி இரண்டு. மொத்தம் எங்களுக்கு 1,340 வெள்ளி (ரிங்கிட்) ஆனது, கூலி இல்லாமல். கம்பம் நட்டது, தகரம் அடித்தது எல்லாம் புகைக்கிற ஆட்களே. இதைத் திட்டம் போட்டுத்தான் செய்தேன். தன் கையால் கட்டிய இடத்தை யாரும் 'தண்டனை இடம்' என்று சொல்ல மாட்டார்கள்.

இதில் நான் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஏழு பேர் கேரமைச் சுற்றித்தானே இருக்கிறார்கள், கேரமையே வெளியே கொண்டுபோய்விடலாம் என்று மேசையைத் தூக்கிக் கூரைக்கடியில் போட்டேன். முதல் வாரம் நான் பெரிய அறிவாளி. இரண்டாவது வாரம் புகைக்காத ஆட்களும் ஆட்டத்துக்காக வெளியே வந்து இரவெல்லாம் அந்தப் புகையில் உட்கார்ந்தார்கள், உள்ளே காலி. சிகரெட்டைக் குறைத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பவும் ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் ஆனார்கள். மேசையைத் திரும்ப உள்ளே தூக்கினோம். அதன் பிறகு ஒழுங்கு இதுதான்: கூரை, விளக்கு, பெஞ்சு வெளியே, ஆட்டம், டிவி, கோப்பி, சிரிப்பு உள்ளே. ஒரு சிகரெட் முடிகிற வரை மரியாதையாக உட்காரலாம், அதற்குமேல் அங்கே வேலை இல்லை. ஒரு போர்டு, அதாவது ஒரு சுற்று, முடிந்ததும் ஐந்து நிமிஷம் ஓய்வு என்று கேரம் ஆட்டத்திலேயே விதி போட்டோம். ஆள் வெளியே போய்வர நேரம் கிடைக்கும், அவன் முறை போகாது.

சட்டம் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்

கொஞ்சம் போதும், ஆனால் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். முன்பு 2004-ஆம் ஆண்டு புகையிலைக் கட்டுப்பாட்டு விதிமுறைகள் இருந்தன. இப்போது 852-ஆம் சட்டம், பொதுச் சுகாதாரத்துக்கான புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் 2024, அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. தடை செய்த இடத்தில் புகைத்தால் 5,000 ரிங்கிட் வரை அபராதம். வேப்பும் இதில் அடங்கும்.

'இது தனியார் கிளப், நம்மை யார் கேட்பது' என்று ஒருவர் கட்டாயம் எழுந்து நிற்பார். பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று சட்டம் பார்ப்பதில்லை, அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்கிறது. சாப்பாடு பரிமாறினால் அது சாப்பாட்டு இடம்.  முகாமுக்குள் இருக்கிற மெஸ் என்றால் அது அரசாங்க வளாகம். சந்தேகம் இருந்தால் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் போய்க் கேளுங்கள், அறிவிப்புப் பலகை எப்படி இருக்க வேண்டும் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். சொந்தமாகக் கவிதை எழுதி மாட்டாதீர்கள். 'டிலாராங் மெரோக்கோக்' (புகைக்கக்கூடாது) என்று மலாயில் இரண்டு சொல்லைப் பார்த்தால் நம் ஊரில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை.

முகாமுக்குள் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு மெஸ் கமிட்டி இருக்கிறது, கட்டளை அதிகாரி இருக்கிறார், நிலைக் கட்டளையில் ஒரு வரி சேர்த்தால் போதும் என்று தோன்றும். வரி சேருங்கள். ஆனால் அதிகாரிகள் மெஸ், சார்ஜன் மெஸ், சிப்பாய்கள் கேன்டீன் மூன்றுக்கும் ஒரே தேதியில் தொடங்குங்கள். கேன்டீனில் மட்டும் தடை போட்டு, அதிகாரிகள் மெஸ்ஸில் சுருட்டுப் பெட்டி திறந்திருந்தால் அந்த உத்தரவுக்கு வெளியே சல்யூட்டும் உள்ளே சிரிப்பும்தான் கிடைக்கும்.

கூட்டம்

எங்கள் மாதிரி பதிவு பெற்ற சங்கம் என்றால், அமைப்புச் சட்டத்தைத் திருத்தப் போகாதீர்கள். அதற்குப் பதிவு அலுவலகத்தின் ஒப்புதல் வாங்க வேண்டும், காகிதம் போய்வருவதற்குள் சூடு ஆறிவிடும். மண்டபத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று விதி போடும் அதிகாரம் பெரும்பாலும் செயலவைக்கே இருக்கும். உங்கள் அமைப்புச் சட்டத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். இருந்தாலும் பொதுக்கூட்டத்தில் வைத்து வாக்கெடுங்கள். செயலவை போட்ட விதி செயலாளரின் விதி ஆகிவிடும். நான் 2019-இல் பட்டது போதும்.

தீர்மானத்தைப் புகைக்கிறவர் முன்மொழிய வேண்டும். எங்கள் கூட்டத்தில் நானே எழுந்தேன், சட்டைப் பையில் பாக்கெட் வெளியே தெரிய. "நானும்தான் பிடிக்கிறேன், நானும்தான் வெளியே போகப் போகிறேன்" என்று தொடங்கினால் பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

என்னென்ன கேட்பார்கள் என்று முன்கூட்டியே தெரியும். 'நாட்டுக்காக உயிரைப் பணயம் வைத்தவர்கள், ஒரு சிகரெட்டுக்கு வெளியே போகணுமா' என்பது முதலாவது. இதற்கு வாதம் செய்யாதீர்கள், மற்றப் படைகள் என்ன செய்தன என்று மட்டும் சொல்லுங்கள். அமெரிக்கப் படை 1994-இல் வேலையிடங்களில் நிறுத்தியது. கிளப், பொழுதுபோக்கு இடங்களுக்கு மட்டும் காலம் கொடுத்துக் கொடுத்து 2002 டிசம்பரில் அங்கேயும் நிறுத்தியது. நீர்மூழ்கிக் கப்பலுக்குள் 2010-ஆம் ஆண்டின் கடைசி நாளோடு நின்றது. நியூசிலாந்தில் 2004 டிசம்பரிலும் இங்கிலாந்தில் 2007 ஜூலையிலும் வந்த சட்டங்கள் கிளப்புகளையும் விடவில்லை, பழைய வீரர்கள் கூடுகிற கிளப்புகளும் அதில் அடக்கம். அமெரிக்காவின் சில மாநிலங்கள் படைவீரர் மன்றங்களுக்கு விலக்கு கொடுத்தன என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் கைத்தொலைபேசியில் தேடிக் கண்டுபிடித்து உங்கள் மூக்கை உடைக்க ஒருவர் இருப்பார்.

இரண்டாவது கேள்வி கொஞ்சம் புத்திசாலித்தனமானது: 'ஏர்கோன் போட்டு ஒரு தனி அறை ஒதுக்கிவிடலாமே?' எங்கள் பொருளாளர் விலைப்பட்டியலோடு வந்திருந்தார். நம் வீடுகளில், மன்றங்களில் மாட்டுகிற ஸ்பிலிட் ஏர்கோன் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கிற அதே காற்றை இழுத்து, குளிரவைத்து, அதே அறைக்குள் விடுகிறது. புகையும் அதோடு குளிராகச் சுற்றும். உறிஞ்சும் காத்தாடி மாட்டினாலும் மணத்தைத்தான் குறைக்கலாம், கெடுதலை முழுதாக எடுக்க முடியாது. அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் தலைமை மருத்துவரின் 2006 அறிக்கை இதைத் திட்டமாகவே சொல்லிவிட்டது. சிகரெட் புகையில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட ரசாயனங்கள், அவற்றில் புற்றுநோய் உண்டாக்குபவை மட்டும் எழுபது அளவில்.

இதையெல்லாம் நான் கூட்டத்தில் சொன்னபோது யாருக்கும் ஏறவில்லை. அப்புறம் அப்பாவின் வேலையைப் பற்றிச் சொன்னேன். அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் தோட்டத்துப் பிள்ளைகள். பால் உறைந்து, அழுத்தி, வெள்ளையாக வருகிற ரப்பர் ஷீட்டைக் கொட்டகையில் மூங்கில் கழியில் தொங்கவிட்டு, கீழே விறகு போட்டுப் புகை மூட்டுவார்கள். நாலைந்து நாளில் தேன் நிறமாகி வரும். புகை உள்ளே வரைக்கும் இறங்கினால்தான் ஷீட்டுக்குப் பூஞ்சை பிடிக்காது, நல்ல விலை கிடைக்கும். "அந்தக் கொட்டகைக்கு ஏர்கோன் மாட்டினால் ஷீட் வெள்ளையாகவே இருக்குமா?" என்று கேட்டேன். மேலே மன்றத்தின் கூரைப் பலகையைக் கையால் காட்டினேன். அதுவும் தேன் நிறத்தில்தான் இருந்தது. பொருளாளர் விலைப்பட்டியலை மடித்துப் பையில் வைத்தார்.

ஆனால் வாக்கை மாற்றியது என் பேச்சு அல்ல. சமையற்கட்டு அக்காவை ஐந்து நிமிஷம் பேசச் சொல்லியிருந்தேன். அவர் ஒரு நிமிஷம்கூடப் பேசவில்லை. "வீட்டுக்குப் போனா பேரன் கிட்ட வரமாட்டேங்கிறான். பாட்டி மேல ரோக்கோ நாத்தம்ங்கிறான். குளிச்சிட்டு வந்தாலும் தலைமுடியில நிக்குது." உட்கார்ந்துவிட்டார். 31 பேர் ஆதரவு, ஆறு பேர் எதிர்ப்பு, மற்றவர்கள் கையைத் தூக்கவில்லை.

உள்ளே வேலை செய்கிறவர் பேசட்டும். ஆனால் முதல் நாளே அவரிடம் கேட்டு, அவருக்கு விருப்பம் இருந்தால் மட்டும்.

தீர்மானத்தின் வாசகம் முக்கியம், ஓட்டை வைத்தால் அதில் தலை நுழைப்பார்கள். எங்களுடையது இது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்: "மன்றக் கட்டடம், வராந்தா, சமையற்கட்டு, கழிவறை, படிக்கட்டு ஆகிய இடங்களில் சிகரெட், பீடி, சுருட்டு, வேப் எதையும் எவரும் புகைக்கக்கூடாது. உறுப்பினர், செயலவையினர், விருந்தினர், மண்டபத்தை வாடகைக்கு எடுப்போர் அனைவருக்கும் இது பொருந்தும். கொல்லைப்புறக் கூரை மட்டுமே விலக்கு. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் அந்தக் கூரைக்கு அடியில் செல்லக்கூடாது." அதோடு தொடங்கும் தேதி. ஆறு வாரம் கழித்து ஒரு தேதி வைத்தோம். நோன்புப் பெருநாள், தீபாவளி, பந்து இறுதியாட்டம் இவற்றுக்குப் பக்கத்தில் தேதி வைக்காதீர்கள். முதல் வாரமே விருந்தாளிகளோடு சண்டை வரும்.

கழுவுகிற வேலை

தொடங்கும் தேதிக்கு முந்தின வாரம் மன்றத்தைக் கழுவுங்கள். நாற்றம் அப்படியே இருந்தால் புகைக்கிறவனுக்குக் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும், எனக்குப் போயிருக்கிறது. திரைச்சீலை, மெத்தை உறை எல்லாம் துவைக்கப் போடுங்கள். ஏர்கோன் வடிகட்டியையும் காத்தாடி இறக்கைகளையும் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். எங்கள் காத்தாடியிலிருந்து வடிந்த தண்ணீர் கோப்பி-ஓ (பால் இல்லாத கோப்பி) நிறத்தில் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் ஒருவர், பெயர் வேண்டாம், வெளியே போய்ப் பாக்கெட்டைக் குப்பையில் போட்டார். அடுத்த நாள் புதுப் பாக்கெட் வாங்கினார், அது வேறு கதை.

சுவருக்கும் கூரைக்கும் சாயம் அடிப்பதானால் நேராக அடித்துவிடாதீர்கள். நாங்கள் அவசரப்பட்டு ஒரு பக்கச் சுவருக்கு வெள்ளை அடித்தோம், இரண்டு வாரத்தில் மஞ்சள் கறை சாயத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. முதலில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, கறையை மூடுகிற சீலர் ஒரு பூச்சு, அதற்கு மேல் சாயம். ஹார்ட்வேர் கடையில் புகைக் கறைக்கு என்று சொல்லிக் கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

கழுவி முடித்த அன்று இரவு, கடைசியாக, ஆஷ்ட்ரேக்களை எடுங்கள்.

முதல் மாதம்

முதல் மாதத்துக்கு இரண்டு இரண்டு பேராக முறை போட்டோம். ஒருவர் மட்டும் போய்ச் சொன்னால் அது சொந்தப் பகை ஆகிவிடும். இளையவரை மூத்தவரிடம் அனுப்பாதீர்கள். ஓய்வு பெற்ற பிறகு பதவி இல்லை என்று வாயால் சொல்வோம், முதுகெலும்புக்கு அது தெரியாது. ஒரு கோப்பரல் தன் பழைய சார்ஜனிடம் போய் 'அணைங்க' என்றால் இரண்டு பேருக்கும் அவமானம்.

எங்களுக்கு இருந்த பெரிய பயம் ஒரு முன்னாள் ஆர்.எஸ்.எம்., அதாவது படைப்பிரிவின் சார்ஜன் மேஜர். எண்பது வயதைத் தாண்டியவர். காத்தாடிக்கு அடியில் அவருக்கென்று ஒரு நாற்காலி. இரண்டாம் நாள் வந்தார், உட்கார்ந்தார், பற்ற வைத்தார். முறையில் இருந்த இரண்டு பேரும் கூரையைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயா, வெளியே பெஞ்சில் காற்று நல்லா இருக்கு. எனக்கும் ஒன்னு பிடிக்கணும் போல இருக்கு, வாங்களேன்" என்றேன். பதில் இல்லை. முழுதாகப் பிடித்து முடித்தார். அப்புறம் எழுந்து, என்னோடு வெளியே வந்து, பெஞ்சின் காலை உதைத்துப் பார்த்து, "ஆணி சரியில்லை" என்றார். மறுவாரம் சுத்தியலோடு வந்தார். அதற்கடுத்த வாரம் வராந்தாவில் நின்று பற்ற வைத்த ஒருவனைப் பார்த்து அவர் போட்ட அதட்டலில் வாசலில் இருந்த நாய் எழுந்து ஓடியது. அதன் பிறகு முறை போடுவதை நிறுத்திவிட்டோம்.

'கூடாது' என்று சொல்வதைவிட 'வாங்க, நானும் வரேன்' என்று சொல்வது பலித்தது. நீங்கள் புகைக்காதவராக இருந்தால் குடையை எடுத்து நீட்டுங்கள், அதுவும் பலிக்கும்.

வேப் பிடிக்கிற இளசுகள் வேறு விதம். உறுப்பினர்களின் பிள்ளைகள், 'இது வெறும் ஆவிதான் அங்கிள்' என்பார்கள். மாம்பழ வாசம் கழிவறையிலிருந்து வரும்போது தெரிந்துவிடும். சட்டம் இரண்டையும் ஒன்றாகத்தான் பார்க்கிறது என்று சொல்லி முடித்துக்கொள்ளுங்கள், விஞ்ஞானம் பேசி ஜெயிக்க முடியாது.

மண்டபத்தை வாடகைக்கு எடுப்பவர்களால்தான் எங்களுக்கு அதிகத் தொல்லை. கல்யாணம், பிறந்தநாள், காதுகுத்து. மாப்பிள்ளை வீட்டாரிடம் போய் யார் சொல்வது? வாடகைக் காகிதத்தில் ஒரு வரி சேர்த்தோம்: உள்ளே புகைத்ததற்கு அடையாளம் இருந்தால் முன்பணத்தில் நூறு வெள்ளி திரும்பக் கிடைக்காது. கையெழுத்து வாங்கும்போது அந்த வரியைச் சத்தமாகப் படித்துக் காட்டுவேன். அன்றைக்கு அவர்கள் பக்கத்திலிருந்து ஒரு மாமாவைப் பொறுப்பாகப் போடச் சொல்வேன். மாமா இருந்தால் போதும், செயலாளர் தேவையில்லை. இதுவரை இரண்டு பேருக்குத்தான் நூறு வெள்ளி போனது.

வந்த பெரிய மனிதர் மேடையிலேயே பற்ற வைத்தால்? எங்களுக்கு நடந்திருக்கிறது. ஓர் ஆள் மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் போய்ப் பணிவாகக் குனிந்து நின்றான். அவருக்குப் புரிந்துவிட்டது. எதுவுமே நடக்கவில்லை என்றால் மாவட்டச் சுகாதார அலுவலகத்திலோ சுகாதார அமைச்சின் சிஸ்பா என்ற புகார் இணையப் பக்கத்திலோ புகார் கொடுக்கலாம், அதிகாரிகள் வருவார்கள். நாங்கள் அந்தப் பக்கம் போனதில்லை. நம் ஆள் கையில் சம்மன் கொடுக்கவைத்துவிட்டு மறுநாள் அவனோடு கேரம் ஆட முடியாது.

தடை வந்த பிறகு சிலருக்கு விடவே தோன்றும், அந்த நேரத்தைத் தவறவிடாதீர்கள். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில், புகைப்பதை விட உதவுகிற எம்குவிட் சேவை இருக்கிறது. ஆலோசனை சொல்வார்கள், நிக்கோட்டின் சுவிங்கம், தோலில் ஒட்டும் ஒட்டு, மாத்திரை என்று ஆளுக்கு ஏற்றதைப் பார்த்துத் தருவார்கள். முதல் சில நாள்தான் கொடுமை, மூன்று நாலு வாரத்தில் உடம்பின் பிடுங்கல் பெரும்பாலும் அடங்கும். ஆசை எழுகிற ஒவ்வொரு முறையும் அது சில நிமிஷம்தான், அதைக் கடத்தினால் போகும். நான் 'ஆசாம் போய்' என்கிற உப்புப் புளிப்புக் காய்ந்த பழத்தை வாயில் போட்டுக் கடத்தினேன். இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவை நின்றது. கொப்பியில் இருந்த பதினொரு பேரில் இன்று விட்டவர்கள் நாலு பேர். மற்றவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து பிடிக்கிறார்கள், மழை வந்தால் குடை எடுத்துக்கொள்கிறார்கள், போர்டு தொடங்குகிற சத்தம் கேட்டதும் உள்ளே ஓடி வருகிறார்கள்.

மணல் வாளியை வாரம் ஒருமுறை சலியுங்கள், மாதம் ஒருமுறை மணலை மாற்றுங்கள். அந்த வேலையை அக்காவிடம் தள்ளாதீர்கள், பிடிக்கிறவர்கள் முறை வைத்துச் செய்யட்டும். எடுத்து வைத்த பத்தொன்பது ஆஷ்ட்ரேக்களில் கண்ணாடி எல்லாவற்றையும் பழைய சாமான்காரரிடம் கொடுத்தோம். பீரங்கிக் குண்டின் உறையை வெட்டிச் செய்த பித்தளை ஆஷ்ட்ரே ஒன்று மட்டும் இருக்கிறது. கேரம் பவுடர் இப்போது அதில்தான்.